இழை: டீஆர்பிட்டிங் - இறக்கமா, வீழ்த்தலா, நீக்கமா?

ம. எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். டிப்ளமா மாணவர்களுக்கான விண்வெளிக் கையேட்டின் ஏழாம் இயல் வியாழன் இரவு அச்சகத்துக்குப் போக வேண்டும். பணி முடிந்த செயற்கைக்கோள்களை அகற்றுவது பற்றிய ஆறு சொற்கள் இடிக்கின்றன: ஸ்பேஸ் டெப்ரி, டீஆர்பிட்டிங் (கோளைப் பாதையிலிருந்து கீழே கொண்டுவருவது), ரீஆர்பிட்டிங் (வேறு பாதைக்கு ஏற்றுவது), ரீஎன்ட்ரி (வளிமண்டலத்துக்குள் திரும்பப் புகுவது), பேசிவேஷன், கிரேவ்யார்ட் ஆர்பிட். வரைவில் விண்குப்பை, சுற்றுப்பாதை நீக்கம், சுற்றுப்பாதை மாற்றம், மறுநுழைவு, செயலிழப்பு, கல்லறைப் பாதை என்று போட்டிருந்தேன். சரிபார்த்தவர் நான்கைச் சிவப்பில் அடித்திருக்கிறார், காரணம் எழுதவில்லை. இயலில் வரும் எடுத்துக்காட்டுகள் மேகா-டிராபிக்ஸ்-1, கார்ட்டோசாட்-2, இன்சாட்-4பி என்ற மூன்று செயற்கைக்கோள்கள். எந்தச் சொல்லானாலும் இந்த மூன்றிலும் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கு. எழுதியது:

அடித்தவர் சரியாகத்தான் அடித்திருக்கிறார். "செயலிழப்பு" என்றால் தானாகக் கெட்டுப்போனது. பேசிவேஷன், அதாவது கோளில் மிஞ்சிய எரிபொருளையும் மின்சாரத்தையும் தீர்த்துவிடுவது, நாம் திட்டமிட்டுச் செய்வது. "சுற்றுப்பாதை மாற்றம்" ஏவிய நாளிலிருந்து நடக்கும் எல்லாவற்றுக்கும் பொது. வேலை என்னவென்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

மேகா-டிராபிக்ஸ்-1: 2011 அக்டோபர் 12 அன்று ஏவப்பட்டது, சுமார் 1,000 கிலோ, 867 கி.மீ. உயரம். அப்படியே விட்டிருந்தால் நூறாண்டுக்கு மேல் சுற்றியிருக்கும். தொட்டியில் சுமார் 125 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. கணக்கு எளிது: அந்த உயரத்து வட்டப் பாதையிலிருந்து அண்மைப்புள்ளியை (பாதையில் பூமிக்கு மிக அருகே வரும் இடம்) 60, 70 கி.மீ.க்குக் கொண்டுவர வினாடிக்கு 200 மீட்டருக்குச் சற்று மேல் வேகம் குறைக்க வேண்டும். ஹைட்ரசீன் எரிபொருள் என்றால் ஆயிரம் கிலோ கோளுக்கு 90 முதல் 100 கிலோ செலவாகும். எனவே கட்டுப்படுத்தி இறக்க வழி இருந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து படிப்படியாகத் தாழ்த்தினார்கள். 2023 மார்ச் 7 அன்று 11 நியூட்டன் திரஸ்டர்கள் (சிறு உந்துபொறிகள்) நான்கையும் சுமார் 20 நிமிடம் வீதம் இருமுறை எரித்து, பசிபிக் கடலுக்கு மேல் சிதையவிட்டார்கள்.

ஏன் ஒரே மூச்சில் இறக்கவில்லை என்று மாணவர் கேட்பார், இயலில் பதில் வையுங்கள். சிறிய திரஸ்டரை நெடுநேரம் தொடர்ந்து எரிக்க முடியாது. தொட்டி அழுத்தம் குறையக் குறைய உந்துவிசையும் குறையும். அண்மைப்புள்ளி மிகவும் தாழ்ந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் காற்று உரசிக் கோளைப் புரட்டப் பார்க்கும். திசை தவறினால் கடைசி எரிப்பு வேறு பக்கம் தள்ளிவிடும். எனவே பாதுகாப்பான உயரத்தில் காத்திருந்து, கடைசி இறக்கத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டும்.

இந்த மொத்த வேலைக்கும் "நீக்கம்" போதாது. பாதையை நீக்குவதா, பாதையிலிருந்து நீக்குவதா என்றே தெரியவில்லை. கல்லறைப் பாதைக்கு அனுப்புவதும் நீக்கம்தானே?

வே. எழுதியது:

> கட்டுப்படுத்தி இறக்க வழி இருந்தது

கு. ஐயா, தாங்களே சொல்லைத் தந்துவிட்டீர்கள். இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. வீழ், வீழ்த்து என்பதும் அப்படியே. பொறியாளர்கள் "கன்ட்ரோல்டு", "அன்கன்ட்ரோல்டு" என்று அடைகளைக் கட்டித் தொங்கவிடுவதைத் தமிழ் ஓர் ஒற்றில் முடிக்கிறது. தானாகத் தாழ்வது பாதையிறங்கல். நாம் தாழ்த்துவது பாதையிறக்கல்.

தொகையை விரித்தும் பாருங்கள். "பாதையை இறக்கல்" என்றால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. "பாதையின் இறக்கல்" என்று இன் உருபை நீங்கற்பொருளில் கொண்டால் ஐந்தாம் வேற்றுமைத் தொகை. இரண்டும் பொருந்துகின்றன. முதலில் பாதையையே தாழ்த்துகிறார்கள், முடிவில் பாதையிலிருந்தே இறக்குகிறார்கள். "வலவன் ஏவா வானவூர்தி" (ஓட்டுபவர் இல்லாத விமானம்) என்று புறநானூற்றில் பாடிய மொழிக்கு இது பெரிய காரியமா?

ச. எழுதியது:

வலவன் ஏவா வானவூர்தி வராமல் நம் குழுவில் ஓர் இழை முடிந்தால் விருந்து வைக்கலாம்.

வே. ஐயா, வகுப்பில் இது எப்படி விழும் என்று யோசியுங்கள். "செயற்கைக்கோள் இறக்கும் முறை" என்று தலைப்பிட்டால் கோளை இறக்கும் முறையா, கோள் செத்துப்போகும் முறையா? இறங்கல் இன்னும் மோசம். ஒரு றகரம் தவறினால் இரங்கல் செய்தியாகிவிடும். வல்லின றகரத்தைத் தட்டச்சில் கோட்டைவிடாத அச்சகம் எங்கே இருக்கிறது? "டீஆர்பிட்" என்றே போட்டுவிட்டு அடைப்பில் விளக்கம் கொடுங்கள். பையன் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் அதைத்தான் கேட்பான்.

வே. எழுதியது:

இறத்தலுக்குச் சாதல் பிற்காலப் பொருள், தம்பி. சங்கப் பாட்டில் இறத்தல் என்றால் கடத்தல், எல்லை தாண்டுதல். காட்டைக் கடந்து போனவனைத்தான் "இறந்தோன்" என்றார்கள். உலகைக் கடந்ததால் பின்னர் சாவுக்கு வந்தது. வளிமண்டல எல்லையைக் கடந்து உள்ளே வரும் கோளுக்கு இதைவிட...

கு. எழுதியது:

வே. ஐயா, வியாழன் இரவு கெடு.

உங்கள் தன்வினை, பிறவினை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கார்ட்டோசாட்-2-ஐ அதில் வைத்துப் பாருங்கள். 2007 ஜனவரியில் ஏவப்பட்டது, 680 கிலோ, 635 கி.மீ. தானாக விழச் சுமார் 30 ஆண்டு ஆகியிருக்கும். மிச்சமிருந்த 26 கிலோ எரிபொருளால் 2020 தொடக்கத்தில் அண்மைப்புள்ளியை 380 கி.மீ.க்குத் தாழ்த்தினார்கள். கடல் வரை கொண்டுபோக அந்த எரிபொருள் பற்றாது. பிறகு நான்கு ஆண்டு காற்றே இழுத்து, 2024 பிப்ரவரி 14 அன்று இந்தியப் பெருங்கடலுக்கு மேல் புகுந்தது. பாதி பிறவினை, பாதி தன்வினை. உலகில் பெரும்பாலான கோள்களின் கதை இனி இப்படித்தான் இருக்கும். பணி முடிந்து 25 ஆண்டுக்குள் விழ வேண்டும் என்பது பழைய நெறி. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2022-ல் அதை 5 ஆண்டாக்கியது. எங்கே விழும் என்பதைக் காற்றிடம் விட்டு, எப்போதுக்குள் விழும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கிறோம்.

இந்த வேறுபாடு சொல்லழகுக்காக இல்லை. தானாக விழுவதன் நேரத்தைக் கணித்தால், எஞ்சிய காலத்தில் சுமார் 20 விழுக்காடு பிழை இருக்கும். ஐந்து மணி நேரம் இருக்கையில் பிழை ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியில் கோள் 28,000 கி.மீ. ஓடிவிடும். சூரியச் செயற்பாடு ஏறினால் மேல்வளி விரிந்து கணக்கு இன்னும் புரளும். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். டைட்டானியத் தொட்டி உருக 1,668 பாகை வேண்டும், அதனால்தான் வயலில் கிடந்து எடுக்கப்படுபவை பெரும்பாலும் உருண்டைத் தொட்டிகள். தரையில் ஒருவருக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போனால் கடல் பார்த்துத்தான் இறக்க வேண்டும்.

எனவே மூன்று நிலை வேண்டும். என் முன்மொழிவு: பொதுச்சொல் பாதையிறக்கம். அதன் கீழே இலக்கிட்ட பாதையிறக்கம் (மேகா-டிராபிக்ஸ்), துணைசெய்த பாதையிறக்கம் (கார்ட்டோசாட்). யாரும் தொடாமல் தாழ்வது பாதைத் தேய்வு.

பா. எழுதியது:

வணக்கம். எங்கட பக்கம் செயற்கைக்கோளுக்குப் பெயர் செய்மதி. "செயற்கைக்கோள் பாதையிறக்கம்" வாய்க்குள் அடங்காது, "செய்மதி இறக்கம்" அடங்கும். அது போக, ரீஎன்ட்ரிக்கு "மறு" வேண்டாம், மீள்நுழைவு என்று வையுங்கோ. மறு என்றால் இன்னொரு முறை. மீள் என்றால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது. போனது திரும்பி வருகுது, அதுதான் விசயம்.

டெப்ரிக்குக் குப்பை சரியில்லை. சிதைவு என்று சொன்னால் என்ன?

கு. எழுதியது:

மீள்நுழைவுக்கு என் வாக்கு. சிதைவுக்கு இல்லை. என்விசாட் செயற்கைக்கோள் 8 டன், 2012 ஏப்ரலில் தொடர்பு அறுந்தது, இன்றும் முழுசாக 760, 770 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. சிதையவே இல்லை, ஆனால் அஞ்ச வேண்டிய குப்பைகளில் அதுவும் ஒன்று. 2009-ல் இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 கோள்கள் மோதியதில் வந்தவை சிதைவுகள். குப்பை இரண்டையும் தாங்கும்.

வே. எழுதியது:

குப்பையும் இழிசொல் அன்று. குவி, குவை, குப்பை. நெல்லுக்கும் உப்புக்கும் குவியல் என்ற பொருளில் வழங்கியது. நெற்குப்பை என்ற ஊரே இருக்கிறது.

ச. எழுதியது:

குவியல் என்றால் ஒரே இடத்தில் கிடக்க வேண்டுமே ஐயா? இது வினாடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் உலகெங்கும் பரவி ஓடுகிறது. வேரைப் பார்த்தால் தப்பு, வழக்கைப் பார்த்தால் சரி. வழக்கு போதும், விண்குப்பை. பேசிவேஷனுக்கு வாருங்கள்.

கு. எழுதியது:

செய்வது இது. மிச்ச எரிபொருளை எரித்தோ வெளியேற்றியோ தீர்ப்பது. வெளியேற்றும் வாய்கள் எதிரெதிராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோள் பம்பரமாகிவிடும். அடுத்து அழுத்தம் கொடுக்கும் ஹீலியத்தைத் திறந்துவிடுவது. கோளின் திசையைத் திருப்பும் சுழற்சக்கரங்களை நிறுத்துவது. மின்கலத்தைச் சூரியத் தகட்டிலிருந்து துண்டித்து வடியவிடுவது. கடைசியாக அலைபரப்பியை அணைப்பது. அதை முன்னால் அணைத்தால் மற்றவை நடந்ததா என்று தெரியாது.

செய்யாவிட்டால் என்னாகும் என்பதற்கு நம் வீட்டு எடுத்துக்காட்டே இருக்கிறது. பி.எஸ்.எல்.வி.-சி3 ராக்கெட்டின் நான்காம் கட்டம், 2001 அக்டோபரில் வேலையை முடித்துவிட்டு, டிசம்பர் 19 அன்று வெடித்து முந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகளானது. அதன்பிறகு மேல்கட்டத்தை வெறுமையாக்குவது வழக்கமாயிற்று. 2024-ல் போயம்-3 என்ற நான்காம் கட்டத்தை 650-லிருந்து 350 கி.மீ.க்கு இறக்கி, மிச்ச எரிபொருளையும் வெளியேற்றினார்கள். மார்ச் 21 அன்று அது வடபசிபிக்கில் விழுந்தது.

"செயலறச்செய்தல்" நீளம். வேதியியலில் உலோகத்தின் மேல் படலம் கட்டுவதற்கும் பேசிவேஷன் என்ற பெயர் உண்டு, அதனால் நேர்மொழிபெயர்ப்பே வேண்டாம். ஆற்றல் வடிப்பு?

வே. எழுதியது:

அவித்தல்! குறள் 25: "ஐந்தவித்தான் ஆற்றல் அகல்விசும்பு ளார்கோமான்." அவித்தல், ஆற்றல், விசும்பு மூன்றும் ஒரே அடியில். கு. ஐயா பட்டியலை எண்ணிப் பாருங்கள்: எரிபொருள், ஹீலியம், சக்கரம், மின்கலம், அலைபரப்பி. ஐந்து!

ச. எழுதியது:

அவித்தல் என்றால் என் மாணவனுக்கு முட்டை. ஆற்றல் வடிப்புக்கு வாக்களிக்கிறேன்.

பா. எழுதியது:

ஐந்து என்றது உண்மையிலேயே வடிவு. ஆனால் நானும் ஆற்றல் வடிப்புத்தான்.

கு. எழுதியது:

கிரேவ்யார்ட் ஆர்பிட்: பணி முடிந்த கோளை மேலே ஒதுக்கிவைக்கும் பாதை. இன்சாட் போல 36,000 கி.மீ.யில் இருப்பதைக் கீழே இறக்க வினாடிக்கு சுமார் ஒன்றரை கி.மீ. வேகம் குறைக்க வேண்டும், அவ்வளவு எரிபொருள் மிஞ்சாது. 300 கி.மீ. மேலே தள்ள 11 மீட்டர் போதும். வடக்கு-தெற்கு விலகலைத் திருத்த ஆண்டுக்கு 50 மீட்டர் செலவாகிறது என்று கொண்டால், அது மூன்று மாதச் செலவுக்கும் குறைவு. அந்த மூன்று மாத வருமானத்தை விட மனமில்லாமல், தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை மிகையாகக் கணித்துப் பாதி வழியில் தீர்ந்து நின்ற கோள்கள் உண்டு. குறைந்தபட்ச உயர்வு 235 கி.மீ., அதோடு கோளின் பரப்பு-நிறை விகிதத்தையும் ஒளி அழுத்தக் கெழுவையும் ஆயிரத்தையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். சூரிய ஒளி அழுத்தம் பாதையை நீள்வட்டமாக்கி, கோளை மறுபடி கீழே கொண்டுவரும் என்பதால் அந்தக் கூட்டல். இன்சாட்-4பி 2022 ஜனவரியில் சுமார் 340 கி.மீ. மேலே ஏற்றப்பட்டது.

வே. எழுதியது:

கல்லறை கட்டடத்தைக் குறிக்கும். இடுவது இடுகாடு, சுடுவது சுடுகாடு. மேலே ஏற்றி இட்டுவைக்கும் பாதை இடுகாட்டுப் பாதை. கீழே வளியில் எரிவது சுடுகாடு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் சுடுவோர், இடுவோர், குழியில் படுப்போர், தாழியில் கவிப்போர் என்று வகையே பிரித்திருக்கிறார் சாத்தனார்.

ச. எழுதியது:

தேர்வுத்தாளில் "சுடுகாடு - சிறுகுறிப்பு வரைக" என்று வரும். ஒதுக்குப் பாதை என்று போடுங்கள், போதும்.

ம. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அனுப்பப்போவது: விண்குப்பை, பாதையிறக்கம் (இலக்கிட்ட, துணைசெய்த), பாதையேற்றம் (ரீஆர்பிட்டிங்குக்கு), மீள்நுழைவு, ஆற்றல் வடிப்பு, ஒதுக்குப் பாதை. டீஆர்பிட்டிங் முதல் முறை மட்டும் தமிழ் எழுத்தில் அடைப்பில் வரும். இயலில் "இறக்கும்" என்று வரும் இடங்களை எல்லாம் "இறக்கிவிடும்" என்று மாற்றிவிட்டேன், ச. சொன்ன குழப்பம் தீர்ந்தது.

வே. எழுதியது:

ஒதுக்குப் பாதைக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஒதுக்கியதைத் திரும்ப எடுக்கலாம், இட்டதை எடுக்க முடியாது.

கு. எழுதியது:

எடுக்க முயல்கிறார்கள் ஐயா. 2024-ல் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கலம் பழைய ராக்கெட் கட்டம் ஒன்றுக்குச் சுமார் 15 மீட்டர் அருகே போய் நின்றது. ஆனால் அது தாழ்பாதையில்.

ம. அம்மா, அட்டவணை 7.3-ல் 25 ஆண்டு நெறி எல்லாப் பாதைக்கும் என்று இருக்கிறது. 2,000 கி.மீ.க்குக் கீழே மட்டும் என்று திருத்துங்கள்.