புதுப்பிப்பு: கேமராவைக் கட்டுத்தறியில் வைத்து முடிவு செய்தேன்

மாடுகளைப் படம் எடுக்க கேனான் இக்சஸ் 185 கேமரா வாங்குவதா, சோனி டபிள்யூ830 வாங்குவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. சோனியை வாங்கிவிட்டேன். பயன்படுத்தியதுதான், ஆனால் லென்ஸில் ஒரு கீறல் கூட இல்லை.

விவரங்களை மட்டும் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒளியைப் படமாக மாற்றும் 20 மெகாபிக்சல் சிசிடி சென்சார், லென்ஸாலேயே 8 மடங்கு நெருக்கிக் காட்டும் ஆப்டிகல் ஜூம், 720பி தரத்தில் வீடியோ. அதனால் மச்சானின் கேனானையும், விற்பவரிடம் சோதித்துப் பார்க்கக் கேட்டு வாங்கிய சோனியையும் எடுத்துக்கொண்டு காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டத்துக்குப் போனேன்.

பொழுது சாயும் நேரம். கட்டுத்தறியில் காளை அசையாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஜூமை முழுவதும் நீட்டி இரண்டிலும் எடுத்தேன். அப்புச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “கண்ணு, நெற்றிச் சுழி எதில் தெரிகிறது?” என்றார். கேனான் படத்தில் அந்த இடம் கலங்கியிருந்தது. சோனியில் மயிர் சுழன்று படிந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது.

காரணம் கை நடுக்கம். சோனியில் அதை ஆப்டிகல் முறையில், அதாவது லென்ஸின் பாகத்தையே நகர்த்தி, ஈடுகட்டும் வசதி இருக்கிறது. இக்சஸ் 185-இல் மென்பொருளால் சமாளிக்கும் டிஜிட்டல் முறை மட்டுமே. மாட்டை வாங்குபவர் முதலில் சுழிதான் பார்ப்பார், எனக்கு அந்த ஒன்றே போதும்.

துள்ளித் திரிந்த செவலைக் கன்று இரண்டிலுமே மங்கலாகத்தான் விழுந்தது. அதைக் காலை வெயிலில் எடுக்க வேண்டும்.