ஃபால்கன்ஸ் ஃப்ளைட் திறக்கும் முன்: ஏறியவர்களும் ஏறப் போகிறவர்களும் சொல்லுங்கள்

பாலைவனப் பயணி (ரியாத்):

ரியாத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் வந்த காலத்தில் இங்கே சினிமா தியேட்டர் கூடக் கிடையாது, 2018 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தார்கள். விடுமுறை நாளில் பத்ஹாவில் போய் மீன் வாங்கி, அறையில் சமைத்து, தூங்கி எழுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. அந்த ஊருக்குப் பக்கத்தில், துவைக் மலைச்சரிவில், உலகத்திலேயே உயரமான, வேகமான, நீளமான ரோலர் கோஸ்டர், ஃபால்கன்ஸ் ஃப்ளைட், தயாராகி நிற்கிறது. 2019-ல் அறிவித்தபோது நான் நம்பவில்லை. இப்போது அங்கே கட்டும் புதுநகரமான கித்தியாவில், அந்தக் கோஸ்டர் இருக்கும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவை 2025 டிசம்பர் 31 அன்று திறக்கிறோம் என்று தேதி சொல்லிவிட்டார்கள்.

நீளம் 4,250 மீட்டர். உயரம் 195 மீட்டர், அதாவது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். மூன்று நிமிடத்துக்கும் மேல் ஓடும். இதைப் படிக்கும்போதே எனக்குக் கை வியர்க்கிறது.

ஆனால் ஒரு பழைய காயமும் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஊரில், ஒரே ஒரு ரைடுக்காக ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக் குடும்பத்தோடு போனேன். காற்று அதிகம் என்று அன்று முழுக்க அதை ஓட்டவில்லை. அவர்கள் செய்தது சரிதான், பாதுகாப்புதான் முதலில். ஆனால் என் மகள் ஒரு மாதமாகக் காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டிருந்தவள். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். இவ்வளவு பெரிய இயந்திரம் பாலைவனக் காற்றில் தினமும் ஓடுமா? பெரிய கோஸ்டர்களில் ஏறியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

யாஸ் தீவுக்காரி (அபுதாபி):

அண்ணா, இங்கே ஃபெராரி வேர்ல்டு பூங்காவில் இருக்கும் ஃபார்முலா ரோஸா கோஸ்டரில் நான் ஆறு தடவை ஏறியிருக்கிறேன். 2010-ல் திறந்ததிலிருந்து வேகத்தில் அதுதான் முதலிடம், 240 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு ஐந்தே வினாடியில் போய்விடும். ஏறும்போதே கண்ணுக்குக் கண்ணாடி தந்துவிடுவார்கள். முதல் தடவை அதை இறுக்கிக் கட்டும்போதுதான் இது வேறு மாதிரியான ரைடு என்று எனக்கு உறைத்தது.

கிளம்பும் நொடியை எப்படிச் சொல்வது? நாம் முன்னால் போவது போலவே இருக்காது. யாரோ பின்னாலிருந்து முதுகைப் பிடித்து சீட்டுக்குள் இழுப்பது போல இருக்கும். கன்னத்துத் தோல் காதுப் பக்கம் போகும். கத்த வாய் திறந்தால் காற்று உள்ளே புகுந்து, சத்தம் வெளியே வராது. பக்கத்தில் என் தம்பி கத்தினானாம், எனக்குக் கேட்கவே இல்லை.

ஆனால் மனசில் பட்டதைச் சொல்கிறேன். அந்த ஐந்து வினாடிக்கும், அடுத்து வரும் முதல் மேட்டுக்கும் ஈடே இல்லை. மேட்டின் உச்சியில் சீட்டை விட்டு உடம்பு எழும்பும்போது அடிவயிறு கூசும். அதற்கப்புறம் வளைவுகள் வரும், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மனசு இன்னும் அந்தக் கிளம்பலிலேயே நின்றுகொண்டிருக்கும். ஆறாவது தடவையில் எனக்கு ஒன்று புரிந்தது. உடம்புக்கு வேகம் தெரிவதில்லை, வேகம் மாறுவதுதான் தெரிகிறது. விமானத்தில் 800 கிலோமீட்டரில் உட்கார்ந்து காபி குடிக்கிறோமே!

அதனால் 250 என்ற எண் என்னை இழுக்கவில்லை. 240-க்கும் 250-க்கும் உள்ள வித்தியாசம் என் உடம்புக்குத் தெரியப்போவதில்லை. என்னை இழுப்பது அந்த மலைதான். மனிதன் கட்டின கோபுரத்திலிருந்து விழுவது வேறு, உண்மையான பாறைச் சரிவின் விளிம்பிலிருந்து விழுவது வேறு. அதுவும் மூன்று இடத்தில் உந்தித் தள்ளுகிறார்கள் என்றால், ஒரே ரைடில் மூன்று தடவை அந்த முதுகு இழுப்பு கிடைக்கும். எனக்கு அது போதும்.

பம்ப் மெக்கானிக் (ஜுபைல்):

தங்கச்சி சொன்னது சரி. அந்த உந்துதலைப் பற்றியே நான் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் என் வேலையே எண்ணெய் அழுத்தத்தோடுதான்.

ஃபார்முலா ரோஸா ஹைட்ராலிக் முறையில் ஓடுவது. பம்ப்புகள் எண்ணெயைத் தள்ளி, உருளைக்குள் இருக்கும் நைட்ரஜன் வாயுவை நெருக்கி வைக்கும். ஒரே நொடியில் அதைத் திறந்துவிட்டால் மோட்டார்கள் சுழன்று பெரிய டிரம்மில் இரும்புக் கயிற்றைச் சுற்றும், கயிறு ரயிலை இழுக்கும். கவண் மாதிரிதான். சக்தி பிரமாதம். ஆனால் சீல் தேயும், கயிறு தேயும், எண்ணெய் சூடாகும். இந்த மூன்றோடும் இருபது வருடமாக மல்லுக்கட்டுகிறவன் நான், அதனால் அந்த ரைடுகளைப் பராமரிப்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஃபால்கன்ஸ் ஃப்ளைட்டில் கயிறே கிடையாது. தண்டவாளத்தில் கம்பிச் சுருள்கள், ரயிலில் காந்தங்கள். மின்சாரம் பாயப் பாய ரயில் முன்னால் இழுபடும். ஒன்றோடொன்று உரசாது, அதனால் அந்த இடத்தில் தேய்மானம் இல்லை. இரண்டையும் செய்தது அதே இன்டமின் நிறுவனம்தான். பிரேக்கிலும் இதே காந்த வித்தை உண்டு. நிலைக்காந்தத்துக்கு நடுவே உலோகத் தகடு போகும்போது தானாகவே வேகம் குறையும், கரண்ட் போனாலும் அது வேலை செய்யும். பயப்படுகிறவர்கள் இதை மட்டுமாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. ஸ்பெயினில் ஃபெராரி லேண்டில் 2017-ல் வந்த ரெட் ஃபோர்ஸ் இதே காந்த முறைதான், 180 கிலோமீட்டர். அங்கிருந்து 250-க்குத் தாவுவது சின்ன விஷயமில்லை. 195 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், காற்றும் உராய்வும் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அடியில் 223 கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும். நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீதியை மோட்டார்தான் தர வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், 240-லிருந்து 250 போவதற்கே காற்று எட்டு சதவீதத்துக்கு மேல் கூடுதலாகத் தள்ளும். எதிர்க்காற்று அடிக்கிற நாளில் இன்னும் கூடும்.

அப்புறம் சக்கரம். சக்கரத்தின் மேல் பாலியுரித்தேன் பூச்சு இருக்கும். நாலே கால் கிலோமீட்டர் இந்த வேகத்தில் சுற்றினால் அது எவ்வளவு சூடாகும்! கோடையில் இங்கே நிழலிலேயே 45 டிகிரி. இதுவரை நீளத்தில் முதலிடத்தில் இருந்த ஜப்பானின் "ஸ்டீல் டிராகன் 2000" என்ற கோஸ்டரில் 2003-ஆம் ஆண்டு ஒரு சக்கரம் கழன்று விழுந்து, கீழே குளத்தில் இருந்தவர் காயப்பட்டார். மறுபடி திறக்க 2006 ஆனது. அது 2,479 மீட்டர். இது அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் நீளம். அதனால் ஒருநாள் மதியம் இந்த ரைடை நிறுத்தி வைத்தார்கள் என்றால் நான் கோபப்பட மாட்டேன். சரியான ஆள் சரியான முடிவு எடுத்திருக்கிறான் என்றுதான் நினைப்பேன்.

மலைப்பிஞ்சு (கோவை):

எனக்குக் கழுத்துதான் பயம். அம்மா இப்போதே "முதுகெலும்பு போய்விடும்" என்கிறார். ஜப்பானில் ஒரு ரைடில் எலும்பு முறிந்தது என்று படித்தேனே, அது உண்மையா?

ஃபூஜி அடிவாரம் (டோக்கியோ):

உண்மைதான் தம்பி. ஃபூஜி-கியூ பூங்காவில் இருந்த டோ-டோடோன்பா. 2018-ல் நான் ஏறியிருக்கிறேன். அழுத்திய காற்றால் கிளம்பும், 1.56 வினாடியில் 180 கிலோமீட்டர். கிளம்பும் முன் தலையைச் சாய்த்து சீட்டோடு ஒட்டி வைக்கச் சொன்னார்கள். நான் அப்படியே செய்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒன்றரை வினாடியில் எனக்கு யோசனையே ஓடவில்லை, கண் முன்னால் வெள்ளையாக ஏதோ வந்து போனது போல இருந்தது. ஏறியவர்கள் சிலருக்கு எலும்பு முறிந்ததாகப் புகார் வந்து 2021 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். 2024-ல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

ஆனால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள். அங்கே சராசரியாக நம் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பின்னால் அழுத்தியது. ஃபார்முலா ரோஸாவில் அதே கணக்கு ஒன்றரை மடங்கு கூட வராது. எவ்வளவு வேகம் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் அந்த வேகம் வருகிறது என்பதுதான் எலும்புக்கு முக்கியம். கித்தியாவில் நாலு கிலோமீட்டர் இடம் இருக்கிறது, மூன்று தவணையாகத் தள்ளுகிறார்கள். அவசரமே இல்லை. அம்மாவிடம் இதைச் சொல். கழுத்திலோ முதுகிலோ ஏற்கெனவே பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஏறாதே.

எடிசன் அக்கா (நியூ ஜெர்சி):

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிங்டா கா என்ற ரோலர் கோஸ்டர் இருந்தது. "இருந்தது" என்று எழுதும்போது இன்னும் தொண்டை அடைக்கிறது. 139 மீட்டர். 2005-லிருந்து உயரத்தில் அதை யாரும் தொடவில்லை. மொத்த ரைடே அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்துக்காக இரண்டு மணி நேரம் கியூவில் நின்றிருக்கிறேன், மறுபடி நிற்கச் சொன்னாலும் நிற்பேன்.

உச்சியில் ஒரு கணம் ரயில் ஏறக்குறைய நின்றுவிடும். கீழே பைன் மரக்காடு. தெளிவான நாளில் தூரத்தில் நகரங்கள் தெரியும். அந்த ஒரு கணத்தில் என் கணவர் என் கையைப் பிடித்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். 2024 நவம்பரில் மூடினார்கள். 2025 பிப்ரவரி 28 காலையில் வெடி வைத்துச் சாய்த்த வீடியோவை நானும் பிள்ளைகளும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். சின்னவன் ஒரு தடவைகூட ஏறவில்லை. "உயரம் வளரட்டும், அடுத்த வருஷம்" என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது.

அதனால் ரியாத் அண்ணாவுக்கு என் யோசனை இதுதான். ஓடுமா ஓடாதா என்று யோசித்துத் தள்ளிப் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைக்கு உயரம் போதும் என்றால் போய்விடுங்கள்.

தெம்பனிஸ் (சிங்கப்பூர்):

அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முதல் வாரமே ஓட வேண்டாம். இங்கே செந்தோசாவில் இரண்டு ரயில்கள் ஒன்றோடொன்று போட்டியிடும் கோஸ்டர் 2010 மார்ச்சில் திறந்தது. ஒரு வாரத்திலேயே இருக்கையில் கோளாறு என்று மூடி, 2011 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். 2013-ல் மறுபடி மூடி, நான்கு பேர் உட்காரும் பெட்டியை இரண்டு பேர் உட்காருவதாக மாற்றி 2015-ல் விட்டார்கள். அதற்கப்புறம் நான் ஏறினேன். கால் தொங்க, எதிர் ரயில் முகத்துக்கு நேராக வந்து விலகும்போது கிடைத்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. காத்திருந்ததற்கு எனக்கு வருத்தமில்லை. எந்தப் பெரிய ரைடும் முதல் வருடத்தில் குழந்தை நடை பழகுவது போலத்தான். விழும், எழும்.

மூன்றாம் ஷிஃப்ட் (ரியாத்):

நான் வேலைக்குப் போகும் பஸ் அந்த மலைப் பக்கமாகத்தான் போகும். இந்த வருடம் சோதனை ஓட்டம் நடந்த நாட்களில் இரண்டு தடவை பார்த்தேன். ஆளில்லாத ரயில் சரிவில் இறங்கியது. முதலில் ரயில் போய்விட்டது, அப்புறம்தான் சத்தம் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் நேபாளி, பங்களாதேஷ், நம் ஊர் ஆட்கள் எல்லாரும் இருந்தோம். ஒருத்தரும் பேசவில்லை.

பம்ப் மெக்கானிக் (ஜுபைல்):

தம்பி, அந்த ஒரு பத்தி போதும் எனக்கு. நானும் வருகிறேன். ஒன்று மட்டும், முன் வரிசைக்காக அடித்துக்கொள்ளாதீர்கள். முன்னால் காட்சி நன்றாக இருக்கும், காற்று முகத்தில் அறையும். பின் வரிசையில்தான் மலை விளிம்பில் ரயில் நம்மைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு போகும். சீட்டை விட்டு எழும்பும் அந்த உணர்வு வேண்டுமென்றால் பின்னால் உட்காருங்கள்.

பாலைவனப் பயணி (ரியாத்):

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மனைவியிடம் இவ்வளவையும் வாசித்துக் காட்டினேன். கிங்டா கா பற்றிய பகுதி வந்தபோது, போயே ஆக வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

திறப்பு வாரத்தில் போகவில்லை. மணல் காற்று இங்கே மார்ச் வாக்கில்தான் அதிகமாகும், அதனால் ஜனவரிக் கடைசியில் போகிறோம். பகலில் இருபது டிகிரிதான் இருக்கும், சக்கரத்துக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன், முதல் நாள் ஓடவில்லை என்றால் மறுநாள் இருக்கட்டும் என்று. போன வாரம் கதவு நிலையில் மகளின் உயரத்தை அளந்து பென்சிலால் கோடு போட்டேன். எதற்கு என்று கேட்டாள். ஸ்கூல் யூனிஃபார்முக்கு என்றேன்.

அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கிளம்புகிற அன்று காலையில், அவள் ஷூ போடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.