புதுப்பிப்பு: அம்மா அப்பாவுடன் மன்னார்க் கரைக்கு

வவுனியாவிலிருந்து அம்மாவையும் அப்பாவையும் மன்னாருக்கு அழைத்துச் சென்றால் எங்கே தங்கலாம், எவற்றைப் பார்க்கலாம் என்று முன்னர் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தலைமன்னாரை விட்டு நகரிலேயே ஒரு தங்குவிடுதியைத் தெரிவுசெய்துள்ளோம், ஏனெனில் 1560இல் போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையும் பள்ளிமுனைப் பெருக்க (பாவோபாப்) மரமும் அங்கிருந்து கிட்டவே உள்ளன. நண்டுக் கறி வேண்டுமானால் காலையிலேயே சொல்லிவைக்கும்படி விடுதிக்காரர் கூறினார். மறுநாள் பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்துத் திருக்கேதீச்சரத்தை வணங்கிவிட்டு, வெயில் தணிந்த பின் அரிப்பு என்ற கரையோர ஊருக்குச் செல்வோம். அங்கே முத்துக்குளிப்பை மேற்பார்வையிடப் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் எழுப்பிய மாளிகையின் எஞ்சிய சுவர்கள், கடல் தின்னும் மண்மேட்டின் விளிம்பில் செங்கல் தெரிய நிற்கின்றன. சிலர் அதைத் தவிர்க்கச் சொன்னாலும், அவை விழுமுன் பார்த்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம். சிலாவத்துறையில் இரவுச் சாப்பாட்டுக்கு நல்ல கடை தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.