புதுப்பிப்பு: செங்கல் சூளைத் தாய்க்கு விடுவிப்புச் சான்றிதழ் வந்துவிட்டது

ஒடிசாவிலிருந்து திருவள்ளூர்ப் பக்கச் சூளைக்கு வந்த ஒரு தாயை, அட்வான்ஸ் கழியும்வரை ஊருக்கு விடமாட்டோம் என்று இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தி வைத்திருந்ததை முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டதால் இது.

கோட்டாட்சியர் விசாரணை முடிந்து, கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்ற சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த அட்வான்ஸ் கடனே செல்லாது. இதை அவரை நம்பவைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. “வாங்கினது வாங்கினதுதானே?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் வேலை செய்வதில்லை, சும்மா விளையாடுவார்கள் என்று விசாரணையில் மேஸ்திரி சாதித்தார். மூத்த பையன் எழுந்து, பச்சைக் கல்லின் (இன்னும் சுடாத ஈரச் செங்கல்) மேல் கால் பதியாமல் நடந்து எப்படிப் புரட்டிப் போடுவது என்று அதிகாரி முன்னால் செய்தே காட்டினான். பெரியவர்கள் ஏறினால் ஈரக் கல் அமுங்கிவிடும், அதனால்தான் அந்த வேலை குழந்தைகள் தலையில் விழுகிறது. அதற்கப்புறம் மேஸ்திரி வாய் திறக்கவில்லை.

மீட்கப்பட்டவர்களுக்கு அரசின் உடனடி உதவித்தொகை 30,000 ரூபாய் வரை உண்டு. வங்கிக் கணக்கு இல்லாததால் இழுக்கிறது.

பழைய துணி வேண்டாம், சரியா? நிறைய சேர்ந்துவிட்டது. ஒடியா பேசத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அதுதான் அவசரம். இப்படி வேலை செய்யும் குழந்தைகளை எங்கே பார்த்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.