கொலாஜ் படத்தின் மேல் ஸ்கிரீன் பிரிண்டிங்: மூன்றாவது அச்சிலேயே கோடுகள் கெடுவது ஏன்?

நூல்கண்டு

வணக்கம். தடித்த தாளில் பழைய காகிதத் துண்டுகளையும் நூலையும் ஒட்டி, மேலே அக்ரிலிக் வண்ணம் தீட்டி, மிக்ஸ்டு மீடியா (பலவகைப் பொருள்கள் கலந்த) கொலாஜ் படங்களை வீட்டிலேயே செய்து வருகிறேன். அண்மையில் அவற்றின் மேல் ஓர் இலை வடிவத்தை ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் பதிக்கத் தொடங்கினேன். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய பாலியஸ்டர் திரைத்துணியை இழுத்துப் பொருத்தி, இலையின் கோடுகளைத் தவிர்த்த மற்ற பகுதி முழுவதையும் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் அடைத்துக் காயவைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையால் அக்ரிலிக் வண்ணத்தை இழுக்கிறேன். முதல் இரண்டு அச்சுகளும் அழகாக விழுகின்றன. மூன்றாவதில் இலையின் விளிம்பு தடித்துக் கசிகிறது. அதே அச்சில் நடுநரம்புகளோ காணாமலே போய்விடுகின்றன. வண்ணம் கூடிப்போனதா குறைந்துபோனதா என்றே புரியவில்லை. நூல் ஒட்டிய இடங்களைச் சுற்றி வெள்ளைத் திட்டுகளும் விழுகின்றன. எங்கே தவறு செய்கிறேன்?

மைக்கறை

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் வெவ்வேறு. அதனால்தான் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன.

விளிம்பு கசிவதற்குக் காரணம் அந்த வெள்ளைப் பசை. அது காய்ந்த பிறகும் நீர் பட்டால் இளகக்கூடியது. அக்ரிலிக் வண்ணத்திலும் நீர்தான் இருக்கிறது. ஒவ்வொரு இழுப்பிலும் பசையின் ஓரம் சிறிது ஊறிக்கொண்டே வந்து, மூன்றாவது முறை கரை உடைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, காய்ந்தால் நீரில் கரையாத அக்ரிலிக் வார்னிஷைப் பூசி அடையுங்கள். ஓரிரண்டு நாள் முழுதாகக் காயவிட்டுத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தெரிந்துவிடும்.

நரம்புகள் மறைவதற்குக் காரணம், வண்ணம் துணியின் கண்களிலேயே (இழைகளுக்கு இடையிலுள்ள துளைகளிலேயே) காய்ந்து அடைத்துக்கொள்வது. அக்ரிலிக் மிக விரைவில் காய்வது என்பதால், அதனுடன் ஸ்கிரீன் பிரிண்டிங் மீடியத்தை (காய்வதைத் தாமதப்படுத்தும் கலவையை) ஏறக்குறைய சம அளவில் கலக்க வேண்டும். ஓர் அச்சு எடுத்ததும் வளையத்தைத் தூக்கிப் பிடித்து, அழுத்தம் கொடுக்காமல் வண்ணத்தை ஒருமுறை துணியின் மேல் பரப்பி வைத்தால், அடுத்த தாளை எடுத்து வைக்கும் வரை கண்கள் ஈரமாக இருக்கும். வேலை முடிந்ததும் தேநீர் குடிக்கப் போய்விடாதீர்கள். முதலில் குளிர்ந்த நீரில் துணியைக் கழுவுங்கள். அப்படிப் போய் நான் இழந்த துணிகள் பல.

கோந்துக்கிண்ணம்

மைக்கறை சொன்னது சரிதான். ஆனால் வெள்ளைத் திட்டுகள் அதனால் தீரமாட்டா. நூலின் தடிமன் துணியைத் தூக்கிவிடுவதால், அதன் இருபுறமும் துணி தாளைத் தொடுவதே இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் அங்கே வண்ணம் இறங்காது. என் கருத்தில் நீங்கள் வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் அச்சிடுங்கள், பிறகு ஒட்டுங்கள். மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாளை மேசையில் சுருக்கமின்றி விரித்து அதில் இலையை அச்சிட்டு, நன்றாகக் காய்ந்தபின் ஓரத்தைக் கையால் கிழித்தெடுத்து, மேட் மீடியத்தை (பளபளப்பின்றிக் காயும் அக்ரிலிக் பசையை) கீழும் மேலும் தடவி நூலின் மேலேயே ஒட்டிவிடலாம். மீடியத்தில் ஊறிய டிஷ்யூ ஏறக்குறைய கண்ணாடிபோல் ஆகி, இலை மட்டுமே எஞ்சும். கத்தரியால் வெட்டினால் நேர்க்கோட்டு ஓரம் தெரிந்துவிடும் என்பதால்தான் கிழிக்கச் சொல்கிறேன்.

மைக்கறை

டிஷ்யூ முறையை மறுக்கவில்லை. இருந்தாலும், மேடுபள்ளத்தில் விட்டுவிட்டு விழும் அச்சுக்கென்று ஓர் அழகு உண்டு; அதை வேண்டுமென்றே தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். நேரடியாகவே அச்சிட விரும்பினால், நூலை மட்டும் கடைசியில் ஒட்டுங்கள். எண்ணெய்ப் பேஸ்டல் (எண்ணெய் கலந்த வண்ணக்குச்சி) தீட்டிய இடத்தில் மட்டும் அச்சிட வேண்டாம். நீர் கலந்த வண்ணம் அங்கே பிடிக்காமல் பின்னர் உரிந்துவரும்.

நூல்கண்டு

இருவருக்கும் நன்றி. வார்னிஷ் பூசிய புதிய துணியில், வண்ணத்துடன் ஸ்கிரீன் பிரிண்டிங் மீடியம் கலந்து தொடர்ச்சியாகப் பன்னிரண்டு டிஷ்யூ அச்சுகள் எடுத்தேன். கடைசி அச்சிலும் விளிம்பு கசியவில்லை. ஒன்பதாவதில் நுனி நரம்பு மங்கியபோது, துணியின் அடிப்பக்கத்தை ஈரப் பஞ்சால் ஒற்றியதும் சரியாகிவிட்டது. அவசரப்பட்டு ஒட்டிய முதல் டிஷ்யூ மட்டும் ஈரத்தில் கிழிந்துபோனது. அடுத்ததில் மேட் மீடியத்தைத் தடித்த தாளில் முதலில் தடவி, டிஷ்யூவை ஒரு மூலையிலிருந்து மெல்ல இறக்கி, மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்புறமாக நீவினேன். நூல் இப்போது இலைக்கு அடியில் இன்னொரு நரம்புபோல் புடைத்துத் தெரிகிறது.