பழைய மேப்பில் முக்காணிக்குக் கிழக்கே ஆறு பொருந்தவில்லை

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஸ்ரீவைகுண்டம் தாலுகாவின் பழைய மேப் ஒன்று கிடைத்தது. அங்குலத்துக்கு ஒரு மைல். ஆண்டு அச்சான மூலையைக் கரையான் தின்றுவிட்டது. 1873இல் முடிந்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு அதில் இருப்பதால், அதற்குப் பிந்தையதுதான்.

கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி வண்டலைத் தள்ளத் தள்ளத் துறைமுகம் பழையகாயலுக்கும் அப்புறம் புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது. அந்தப் பழைய தடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பார்க்கத்தான் க்யூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளில் இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறேன்.

முதலில் மேப் ஓரத்துத் தீர்க்கரேகையை அப்படியே கொடுத்தேன். புன்னைக்காயல் நாலரை கிலோமீட்டர் கிழக்கே, கடலுக்குள் போய் நின்றது! பழைய இந்திய மேப்புகளின் தீர்க்கரேகையில் கூடுதலாக இருக்கும் 2 நிமிடம் 27 விநாடியை (கோண அளவு, நேரமல்ல) கழித்ததும் கரையேறியது. பிறகு அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டம் கோபுரம், ஏரல் தெருமுக்கு எல்லாம் அச்சாகப் பொருந்தின. முக்காணி தாண்டியதும் ஆறு 300 மீட்டர் வடக்கே விலகுகிறது. மடிப்பில் தாள் சுருங்கியதா, ஆறே நகர்ந்ததா, தெரியவில்லை. ஆற்றங்கரையைக் குறிப்புப் புள்ளியாக, அதாவது மேப்பையும் படத்தையும் பொருத்தும் இடமாக, வைத்தும் பார்த்தேன். அது சுத்த மடத்தனம், நகர்வதே அதுதானே. கொற்கையின் பழைய வன்னிமரத்தை வைக்கலாமென்றால், அது மேப்பில் குறிக்கப்படவில்லை.

முக்காணிக்கும் புன்னைக்காயலுக்கும் இடையே, நூறு வருஷத்துக்கு மேல் இடம் மாறாத கோயில், சர்ச், எல்லைக்கல் எது இருக்கிறது?