மலைமேல் மட்டும் ரேடியோ அணைந்து அணைந்து வருகிறது: 40 மீட்டர் எண்ட்ஃபெட், உதவுங்கள்

சேலம்_40மீ (கேள்வி)

நண்பர்களே, வணக்கம். ஹாம் ரேடியோ உரிமம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டு மாடியிலிருந்து தினமும் காலையில் 40 மீட்டர் அலைவரிசையில் பேசுகிறேன், ஒரு குறையும் இல்லை. போன ஞாயிறு முதல் தடவையாக எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் மேட்டுக்குப் போனேன். 1,600 மீட்டர் உயரம், சுற்றிலும் திறந்த வெளி. வீட்டில் சிக்னல் மீட்டரில் எப்போதும் எஸ்7-ல் நிற்கும் இரைச்சல் முள் அங்கே அசையவே இல்லை. ஊரில் ஒருநாளும் கேட்காத மெல்லிய குரல்கள்கூடத் தெளிவாகக் கேட்டன.

ஆனால் பேச முடியவில்லை. பிடிடியை (பேசும் பொத்தானை) அழுத்தி "சிக்யூ" (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற அழைப்பு) சொல்லி முடிப்பதற்குள் ரேடியோ அணைந்து, தானே திரும்ப எழுந்துகொள்கிறது. 5 வாட்டுக்குக் குறைத்தால் அணையவில்லை. ஆனால் மைக்கின் உலோக விளிம்பு உதட்டில் பட்டால் சுருக்கென்று குத்துகிறது. எனக்கு மோர்ஸ் கற்றுக்கொடுத்தவர் மதுரையில் காத்துக்கொண்டிருந்தார். "தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குப்பா, ஒண்ணும் புரியல" என்றார். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

என்னிடம் இருப்பது: 20 வாட் ரேடியோ, 20 மீட்டர் ஆன்டெனாக் கம்பி (ஒரு நுனியில் மட்டும் ஊட்டும் எண்ட்ஃபெட்), கேபிளின் 50 ஓமைக் கம்பி நுனிக்கு ஏற்றபடி உயர்த்தும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர், 6 மீட்டர் தூண்டில் கழி (கம்பியின் நடுவை அதில் தூக்கித் தலைகீழ் வி-யாகக் கட்டினேன்), 4 மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள், யூபிஎஸ்-லிருந்து எடுத்த 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி. வீட்டிலும் இதே கம்பி, இதே டிரான்ஸ்ஃபார்மர்தான். அங்கே கேபிள் மட்டும் 15 மீட்டர், கரண்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையிலிருந்து. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பிவருகிறது என்று காட்டும் அளவு, 1-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது) வீட்டில் 1.4. மலையில் 1.8-க்கும் 3-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்தது.

பேட்டரிதான் காரணம் என்று நினைக்கிறேன். புது லித்தியம் பேட்டரி வாங்கிவிடலாமா? இல்லை, தரையில் ஆணி அடித்து எர்த் கொடுத்தால் சரியாகுமா?

ஒயர்மேன்

பேட்டரியைச் சந்தேகப்படுவது சரிதான், ஆனால் ஒயரையும் பாருங்கள். ரேடியோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே என்ன ஒயர் போட்டிருக்கிறீர்கள்? 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 2 மீட்டர் என்றால், போக வர 4 மீட்டர், கிட்டத்தட்ட 0.14 ஓம். 5 ஆம்பியர் இழுக்கும்போது 0.7 வோல்ட் அதிலேயே போய்விடும். பழைய யூபிஎஸ் பேட்டரி அதற்குள் தானாகவே அரை வோல்ட் இறங்கியிருக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு மாறுங்கள். பேட்டரி முனையில் அளந்தால் போதாது, ரேடியோவுக்குள் நுழையும் இடத்தில், அதுவும் பேசிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும்.

நீலகிரிக் கம்பி

தம்பி, பேட்டரிக்குப் பணம் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் ரெசிஸ்டரில்) முழு 20 வாட் விடுங்கள். அதே பேட்டரி, அதே ஒயர். அப்போதும் அணைந்தால் ஒயர்மேன் சொன்னதுதான். அணையாவிட்டால் பேட்டரியை விட்டுவிட்டு ஆன்டெனாப் பக்கம் வாருங்கள்.

டம்மி லோடு இல்லையென்றால் நீங்களே செய்துகொள்ளலாம். 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இருபதை வாங்கிப் பக்க இணைப்பாக (பேரலலாக) இணைத்தால் 50 ஓம், 40 வாட். சென்னையில் ரிச்சி தெருவில் சட்டென்று கிடைக்கும். ஒயர்வவுண்ட் வேண்டாம், அது ஒரு சுருள். மெட்டல் ஆக்சைடு என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது சோதனைக்குச் செலவே இல்லை. மாடியில் அதே 4 மீட்டர் கேபிளோடும் பேட்டரியோடும் எல்லாவற்றையும் கட்டுங்கள். சின்ன பவரில் ஒருவர் பிடிடியை அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் கோஆக்ஸ் கேபிளின் ரப்பர் உறையைக் கையால் இறுக்கிப் பிடிக்கட்டும். எஸ்டபிள்யூஆர் முள் நகர்ந்தால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். உதட்டில் குத்தியது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

சேலம்_40மீ

இரண்டையும் செய்து பார்த்தேன் ஐயா. டம்மி லோடில் 20 வாட், ஐந்து நிமிடம் விட்டு விட்டுப் பேசினேன். ஒரு தடவைகூட அணையவில்லை. ரேடியோ முனையில் 11.4 வோல்ட். அப்புறம் மாடியில் கேபிளை என் மகள் பிடித்தாள். 1.8 இருந்த முள் 2.6-க்குப் போனது. கையை எடுத்ததும் திரும்ப 1.8. நாலு தடவை செய்து பார்த்தோம், நாலு தடவையும் அப்படியே. வீட்டில் மட்டும் ஏன் இந்தத் தொந்தரவு வரவில்லை?

நீலகிரிக் கம்பி

அரை அலை நீளக் கம்பியை நுனியில் ஊட்டுகிறோம். நுனியில் மின்னழுத்தம் உச்சம், மின்னோட்டம் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமும் திரும்பிவர ஒரு வழி வேண்டும். எண்ட்ஃபெட்டுக்கு "ஒரே கம்பி போதும்" என்று விளம்பரம் செய்கிறார்களே, உண்மையில் இன்னொரு பாதி எப்போதும் இருக்கும். நாம் கொடுக்காவிட்டால் அது தானே தேடிக்கொள்ளும். வீட்டில் 15 மீட்டர் கேபிளும் எஸ்எம்பிஎஸ் வழியாக வீட்டு எர்த்தும் அந்த வேலையைச் செய்தன. மலையில் 4 மீட்டர் கேபிள், அதன் முனையில் ரேடியோ, அதன் மைக்கைப் பிடித்தபடி நீங்கள். திரும்பிவரும் வழி உங்கள் உடம்பு வழியாகப் போயிருக்கிறது. அதே ஆர்எஃப் (ரேடியோ அலை மின்னோட்டம்) மைக் ஒயரில் ஏறியதால் குரல் கலங்கியது, ரேடியோவின் மூளைக்குள் ஏறியதால் அது அணைந்தது. 5 வாட்டில் அணையாததும் இதனால்தான்.

இரண்டு வேலை செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் முனையில் 2 மீட்டர் கம்பி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். 40 மீட்டருக்கு அலை நீளத்தில் இருபதில் ஒரு பங்கு, அதுவே போதும். அடுத்து, ரேடியோ பக்கத்தில் ஒரு சோக், அதாவது கேபிளின் வெளிப்பின்னலில் ஓடிவரும் ஆர்எஃப்பைத் தடுக்கும் சுருள். எஃப்டி140-43 ஃபெரைட் வளையத்தில் மெல்லிய ஆர்ஜி-174 கேபிளைப் பன்னிரண்டு சுற்று சுற்றி, இரண்டு முனையிலும் கனெக்டர் வைத்துவிடுங்கள். வளையம் வாங்கும்போது கவனம். சிவப்பு, மஞ்சள் பூசிய வளையத்தைக் கடைக்காரர் நீட்டுவார், அவை இரும்புத் தூள் வளையங்கள், இந்த வேலைக்கு ஆகாது. 43 கலவை ஃபெரைட் கறுப்பாகவே இருக்கும்.

ஆணி அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். சேர்வராயன் மேட்டில் மேலே இருப்பது பாக்சைட் கலந்த செம்பாறை, ஆணி இறங்குவதே கஷ்டம். இறங்கினாலும் காய்ந்த பாறையில் ஆர்எஃப்புக்கு அது எர்த் ஆகாது.

கோவை மோர்ஸ்

நானும் ஒரு வார்த்தை. 49:1 போட்ட முனையில் ஏறக்குறைய 2,450 ஓம். 20 வாட்டிலேயே அங்கே 220 வோல்ட் வரும். கம்பியின் கடைசி நுனியிலும் அப்படித்தான். அது கோயிலுக்கு ஆட்கள் வந்து போகும் இடம், குழந்தைகள் ஓடுவார்கள். இரண்டு நுனியையும் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், கம்பியில் அங்கங்கே சிவப்புத் துணி முடியுங்கள். நடைபாதைக்குக் குறுக்கே கட்டவே வேண்டாம். கோயிலில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உரிமத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டாலும் கழியை இறக்கிவிட வேண்டும், பேசிக்கொண்டிருக்கும் தொடர்பை முடித்துவிட்டு இறக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

சேலம்_40மீ

நேற்று திரும்பப் போய்விட்டு வந்தேன். சோக் போட்டேன், 2 மீட்டர் கம்பியைக் கட்டினேன், கோவை நண்பர் சொன்னபடி துணியும் முடிந்தேன். எஸ்டபிள்யூஆர் 1.5-ல் நின்றது. கேபிளைப் பிடித்தும் பார்த்தேன், முள் அசையவில்லை. மைக்கை வேண்டுமென்றே உதட்டில் வைத்து 20 வாட்டில் பேசினேன், ஒன்றும் இல்லை. பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத் என்று வரிசையாகக் கிடைத்தது. எனக்குக் கை நடுங்கியது.

ஒயர்மேன் சொன்னதும் பொய்யில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து ரேடியோ ஒரு தடவை அணைந்தது. அளந்தேன், பேசும்போது 10.6 வோல்ட். ஒயரை மாற்றிவிட்டு, பேட்டரியை அப்புறம் பார்க்கிறேன்.

மதுரைக்காரர் ஐந்து-ஒன்பது (தெளிவு ஐந்து, சிக்னல் வலிமை ஒன்பது) கொடுத்தார். பக்கத்தில் கோயில் மணி அடித்தது, அதுவும் கேட்கிறது என்றார்.

நீலகிரிக் கம்பி

சந்தோஷம் தம்பி. அடுத்த தடவை கிளம்புவதற்கு முந்தின நாள் இங்கே எழுதுங்கள், தொட்டபெட்டாப் பக்கத்திலிருந்து நானும் 40 மீட்டரில் இருக்கிறேன். 73 (வாழ்த்துகள்).